முக மசாஜும் முக யோகாவும்

முக மசாஜ் என்பது முகத் தோலையும் அதன் அடியில் உள்ள தசைகளையும் விரல்களாலோ சிறு கருவிகளாலோ நீவியும் அழுத்தியும் பிடித்தும் விடும் முறை ஆகும். முக யோகா என்பது முகத் தசைகளைத் திட்டமிட்டுச் சுருக்கி, சில நொடிகள் நிறுத்தி, பின் தளர்த்தும் பயிற்சிகளின் தொகுப்பு ஆகும். முதலாவதில் வேலை செய்வது கை. இரண்டாவதில் வேலை செய்வது முகத் தசை. தோல் நலமாகவும் இளமையாகவும் தோன்ற வேண்டும் என்ற நோக்கில் இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்த்தே செய்யப்படுகின்றன.

இவற்றால் கிடைக்கும் பலன் உண்மையானது, ஆனால் சிறியது. முறையாகச் செய்தால் செலவில்லை. அழுத்தித் தேய்த்தால் தோல் கறுக்கலாம். கழுத்தைத் தவறாகக் கையாண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே எது எந்த அளவுக்குப் பயன்படும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்து செய்வது நல்லது.

பெயர்

மசாஜ் என்ற ஒரே சொல்லால் இன்று குறிக்கப்படும் செயல்களுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. உள்ளங்கையால் மென்மையாக ஒரே திசையில் வருடுவது நீவுதல். தசையைப் பற்றி அழுத்தி விடுவது பிடித்துவிடுதல். மாவைப் போல் அமுக்கி உருட்டுவது பிசைதல். உராய்வு ஏற்படும்படி கையை ஓட்டுவது தேய்த்தல். விரல் நுனிகளால் மெல்ல அடிப்பது தட்டுதல். மசாஜ் கற்பிக்கும் நூல்களும் ஏறக்குறைய இதே வகைப்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன. முகத்துக்கு ஏற்றவை நீவுதலும் மெல்லத் தட்டுதலும்; ஓரளவு பிடித்துவிடுதலும் செய்யலாம். தேய்த்தல் முகத்துக்கு உகந்ததன்று.

முக யோகா என்ற பெயர் அண்மைக் காலத்தது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹட யோகப் பிரதீபிகை என்ற நூல், சிம்மாசனத்தை முதன்மையான நான்கு ஆசனங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. வாயை அகலத் திறந்து, பார்வையை மூக்கு நுனியில் நிறுத்தும் ஆசனம் அது. இன்று பயிற்றுவிக்கப்படும் முறையில் நாக்கை வெளியே நீட்டி ஓசையுடன் மூச்சு விடுவதும் உண்டு. முகத் தசைகள் நன்றாக இயங்கும் ஆசனம் இது என்றாலும், அழகுக்காக ஏற்பட்டதன்று. முகச் சுருக்கத்தைப் போக்கும் பயிற்சித் தொகுப்பு எதுவும் பழைய யோக நூல்களில் தனியாக இல்லை.

முகத்தின் அமைப்பு

கை கால்களில் உள்ள தசைகள் பெரும்பாலும் ஓர் எலும்பில் தொடங்கி மற்றோர் எலும்பில் முடிகின்றன. முக பாவத்துக்கான தசைகள் அப்படியல்ல. அவற்றின் ஒரு முனை எலும்பிலோ அதை மூடிய சவ்விலோ இருக்கும். மறுமுனை தோலிலேயே பொருந்தியிருக்கும். தசை சுருங்கும்போது தோலும் கூடவே இழுபடுகிறது. சிரிப்பு, வியப்பு, கோபம், அருவருப்பு ஆகியவை முகத்தில் தெரிவது இதனால்தான்.

இத்தசைகளுள் சில:

நெற்றித் தசை: புருவத்தை உயர்த்துவது. நெற்றியில் குறுக்குக் கோடுகள் விழக் காரணம்.

புருவம் சுருக்கும் தசை: இரு புருவங்களையும் நடுவில் கூட்டுவது. புருவங்களுக்கு இடையே செங்குத்துக் கோடுகளை உண்டாக்குவது.

கண் சூழ் தசை: கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்தது. கண்ணை மூடவும் சிமிட்டவும் உதவுவது.

கன்னம் உயர்த்தும் தசைகள்: கன்ன எலும்பிலிருந்து உதட்டோரம் வரை செல்பவை. சிரிப்பில் முதலிடம் இவற்றுக்கே.

வாய் சூழ் தசை: உதடுகளைக் குவிப்பது.

கன்னச் சுவர்த் தசை: ஊதும்போது கன்னத்தை உள்ளிருந்து தாங்குவது. இதன் லத்தீன் பெயருக்கு எக்காளம் ஊதுபவர் என்று பொருள். நாதசுரம் வாசிப்பவர்களுக்கு இன்றியமையாத தசை இது.

இந்தத் தசைகள் அனைத்தையும் இயக்குவது முக நரம்பு. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் இது ஏழாவது. காதின் கீழே வெளிவந்து, முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து முதன்மைக் கிளைகளாகப் பிரிகிறது. மெல்லுவதற்கான தாடைத் தசைகள் வேறு வகை. அவை எலும்போடு எலும்பைச் சேர்ப்பவை. ஐந்தாவது நரம்பால் இயங்குபவை. சூயிங்கம் மென்றால் முகம் மெலியும் என்று சிலர் நம்புகின்றனர். மெல்லும் தசை மிகுதியாக வேலை செய்தால் அது பருக்கும். தாடை அகன்று தெரியும்.

முகம் முதுமை அடைவது எப்படி

முகத்தில் வயது தெரிவதற்குத் தோல் மட்டும் காரணம் அன்று. தோல், கொழுப்பு, தசை, எலும்பு ஆகிய நான்கு அடுக்குகளும் மாறுகின்றன.

தோலின் உறுதிக்குக் கொலாஜன் என்ற புரத இழைகளும், அதன் மீள்தன்மைக்கு எலாஸ்டின் இழைகளும் காரணம். இளமைப் பருவம் கடந்த பின் இவற்றின் அளவும் தரமும் மெல்லக் குறைகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் வரும் முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் சுமார் 30 விழுக்காடு வரை குறையும் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

தோலுக்கு அடியில் கொழுப்பு தனித்தனிப் பொதிகளாக அமைந்துள்ளது. வயது ஏற ஏற இவற்றுள் சில சுருங்குகின்றன; சில கீழிறங்குகின்றன. கன்னத்தின் மேல்பகுதி ஒட்டிப்போவதும், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை மடிப்பு ஆழமாவதும் இதனால் நிகழ்கின்றன. தாடை எலும்பும் கண் குழியைச் சுற்றிய எலும்பும் தேய்கின்றன. பற்கள் விழுந்துவிட்டால் அவற்றைத் தாங்கிய தாடை எலும்பு விரைவாகக் கரைந்து, பொக்கை வாய்த் தோற்றம் ஏற்படுகிறது.

இவை உடலின் உள்ளிருந்து வரும் மாற்றங்கள். வெளியிலிருந்து வரும் காரணங்களுள் முதன்மையானது வெயில். அதிலுள்ள புற ஊதா ஏ கதிர்கள் சாதாரணக் கண்ணாடியையும் கடந்து தோலின் உள்ளடுக்கு வரை சென்று கொலாஜனைச் சிதைக்கின்றன. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் ஒளிப்படம் 2012ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. சன்னலை ஒட்டியிருந்த அவருடைய இடக் கன்னம் ஆழ்ந்த சுருக்கங்களுடன் தடித்துத் தொங்கியது. வலக் கன்னம் அந்த அளவுக்குப் பாதிக்கப்படவில்லை. இரண்டு கன்னங்களுக்கும் வயது ஒன்றே. வேறுபாடு வெயில் பட்ட அளவில் மட்டுமே இருந்தது. புகைபிடித்தலும் இதேபோல் தோலை விரைவில் முதுமையடையச் செய்கிறது.

தோலின் நிறமும் ஒரு காரணி. கறுத்த தோலிலும் மாநிறத் தோலிலும் மெலனின் மிகுதி. அது வெயிலின் தாக்கத்தை ஓரளவு தடுப்பதால் வெளிர்நிறத்தவரைவிட இவர்களுக்குச் சுருக்கங்கள் தாமதமாகவே வருகின்றன. ஆனால் மங்கு, கருந்திட்டு, நிறச் சீரின்மை ஆகியவை முந்திக்கொண்டு வருகின்றன. சிறிய புண், அழற்சி, உராய்வு எதுவானாலும் ஆறிய இடம் கறுத்துப்போவது இவ்வகைத் தோலின் இயல்பு. தென்னிந்தியர், இலங்கையர் பெரும்பாலோர் இந்த வகையினரே. வெளிர்நிறத் தோலுக்கு எழுதப்பட்ட மசாஜ் குறிப்புகளை இவர்கள் அப்படியே பின்பற்றினால் சுருக்கம் குறைவதற்கு முன் கருமை வந்துவிடக்கூடும்.

வரலாறு

இந்தியாவில் உடலில் எண்ணெய் பூசித் தேய்ப்பது மிகப் பழைய வழக்கம். அப்யங்கம் என்ற பெயரில் சரக சம்ஹிதை இதை அன்றாட ஒழுக்கங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. தமிழகத்தில் வாரந்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும், திருமணத்தின்போது நலங்கு வைப்பதும் இன்றும் தொடர்கின்றன. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு போன்றவற்றை அரைத்துச் செய்யும் நலங்கு மாவு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் பயன்படுகிறது.

முகத் தசைகளை ஒவ்வொன்றாகப் பழக்கும் மிக நுட்பமான பயிற்சி கேரளத்தின் கூடியாட்டத்திலும் கதகளியிலும் காணப்படுகிறது. கண், புருவம், கன்னம், உதடு ஆகியவற்றைத் தனித்தனியே இயக்க மாணவர்கள் பல ஆண்டுகள் பழகுகின்றனர். 1930ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கேரள கலாமண்டலம் இப்பயிற்சி அளிக்கும் நிறுவனங்களுள் புகழ்பெற்றது. பரதநாட்டியத்தின் முகாபிநயமும் இவ்வகையைச் சேர்ந்ததே. இவற்றின் நோக்கம் ஒன்பது சுவைகளையும் முகத்தில் காட்டுவதாகும். இளமைத் தோற்றம் இவற்றின் நோக்கத்தில் இல்லை. ஆயினும் முகத் தசைகளைப் பயிற்சியால் வசப்படுத்த முடியும் என்பதற்கு இவை சான்று.

சீனாவில் குவா ஷா என்ற முறை உள்ளது. மழுங்கிய விளிம்புள்ள கருவியால் உடலைச் சிவக்கும்வரை சுரண்டும் மருத்துவ முறையாகவே அது வழங்கிவந்தது. முகத்தில் பச்சைக்கல் தகட்டால் மென்மையாக நீவுவது அதன் அழகுக்கலை வடிவம். ஐரோப்பாவில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வாடரும் அவர் மனைவி எஸ்திரிதும் 1930களில் நிணநீர் வடிப்பு மசாஜை உருவாக்கினர். 1936ஆம் ஆண்டில் பாரிசில் அதை அறிமுகப்படுத்தினர். மிக இலேசான அழுத்தத்தில் நிணநீர் ஓடும் திசையில் தோலை நகர்த்தும் இம்முறையே இன்றைய மென்மையான முக மசாஜ் பலவற்றுக்கு அடிப்படை.

முக மசாஜ் செய்யும் முறை

கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, நகங்களை வெட்டியிருக்க வேண்டும். முகத்தையும் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். வறண்ட தோலில் கை இழுபடாமல் வழுக்கிச் செல்லச் சில துளி எண்ணெயோ ஈரப்பத கிரீமோ போதும். தேங்காய் எண்ணெய் தோலின் துளைகளை அடைக்கும் தன்மையுள்ளது. பரு வரும் முகத்துக்கு அது ஏற்றதன்று. அவர்கள் எண்ணெய்ப்பசை இல்லாத கிரீமைப் பயன்படுத்தலாம். எலுமிச்சைச் சாற்றைப் பூசி மசாஜ் செய்வதைத் தவிர்க்க வேண்டும். அது பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வெந்து கறுக்கக்கூடும்.

அழுத்தத்தின் அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. விரல் செல்லும்போது தோலில் மடிப்பு விழக்கூடாது. விரலை எடுத்தபின் சிவப்பு நிலைத்திருக்கக்கூடாது.

1. கழுத்து: காதின் கீழிருந்து காறை எலும்பு வரை, கழுத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையால் கீழ்நோக்கி மெல்ல ஐந்து முறை நீவ வேண்டும். தொண்டையை அழுத்தக்கூடாது.

2. தாடை: மோவாயின் நடுவிலிருந்து தாடை விளிம்பின் வழியாகக் காது வரை ஐந்து முறை.

3. கன்னம்: மூக்கோரத்திலிருந்து கன்ன எலும்பின் அடியாகக் காதின் முன்பகுதி வரை ஐந்து முறை.

4. கண்: மோதிர விரலால் மட்டும், கண்ணின் கீழ் எலும்பு விளிம்பின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டு செல்ல வேண்டும். கண் விழியை அழுத்தவோ இமையைத் தேய்க்கவோ கூடாது.

5. நெற்றி: புருவ நடுவிலிருந்து மேல்நோக்கியும், பின் நடு நெற்றியிலிருந்து இரு பொட்டுகள் வரை பக்கவாட்டிலும் ஐந்து முறை.

6. தாடை மூட்டு: பற்களைக் கடித்தால் காதின் முன்னே புடைக்கும் தசை மீது, வாயைத் தளர்த்தியபடி வட்டமாக அரை நிமிடம். பற்களை நெரிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இதமளிக்கும்.

மொத்தம் ஐந்து நிமிடங்கள் போதும். முகத்தை எப்போதும் மேல்நோக்கியே நீவ வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் முகத்தின் நிணநீர் காதின் முன்புறத்துக்கும் தாடையின் அடிக்கும் வந்து, கழுத்து வழியாகக் கீழே இறங்குகிறது. வீக்கத்தை வடியச் செய்வது நோக்கமானால் முகத்தில் வெளிப்புறமாகவும் கழுத்தில் கீழ்நோக்கியும் நீவுவதே பொருத்தம்.

முகப் பயிற்சிகள்

பயிற்சிகளைக் கண்ணாடியின் முன் செய்வது நல்லது. ஒரு தசையை இயக்கும்போது மற்றொன்று தேவையின்றிச் சுருங்குகிறதா என்பதைக் கவனிக்க அது உதவும்.

கன்னம் உயர்த்தல்: வாயை ஓ என்னும் ஒலிக்கு ஏற்பத் திறந்து, மேலுதட்டைப் பற்களின் மேல் மடித்து, கண்கள் சுருங்காமல் புன்னகைக்க வேண்டும். கன்னத்தின் மேல்பகுதியில் விரல் நுனிகளை இலேசாக வைத்தால் தசை எழுவதை உணரலாம். கன்னத்தை இறக்கி மீண்டும் உயர்த்த வேண்டும், பத்து முறை.

மூடிய புன்னகை: பற்கள் தெரியாமல் உதடுகளைச் சேர்த்துப் புன்னகைத்து, உதட்டோரங்களிலிருந்து விரல்களைக் கன்ன எலும்பு வரை நகர்த்தி, அந்நிலையில் 20 நொடிகள் நிறுத்த வேண்டும்.

காற்று மாற்றல்: வாயில் காற்றை நிரப்பி, இடக் கன்னத்துக்கும் வலக் கன்னத்துக்குமாக மாற்ற வேண்டும், ஒரு நிமிடம். வாய் கொப்பளிப்பது போன்றதே இது.

புருவப் பயிற்சி: புருவங்களின் மேல் விரல்களை வைத்து மெல்லக் கீழ்நோக்கி அழுத்தியபடி, புருவத்தை உயர்த்த முயல வேண்டும். விரலின் தடையால் நெற்றியில் மடிப்பு விழாமல் தசை வேலை செய்யும்.

சிம்மாசனம்: நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கால் மூச்சிழுத்து, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டி மூச்சை விட வேண்டும், மூன்று முறை. தாடை மூட்டு வலி உள்ளவர்கள் வாயை மிக அகலமாகத் திறக்கக்கூடாது.

ஆய்வுகள் கூறுவது

முகப் பயிற்சி குறித்து அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2018ஆம் ஆண்டில் வெளியானது. 40 முதல் 65 வயது வரையிலான 27 பெண்கள் சேர்ந்தனர். 32 வகைப் பயிற்சிகளைக் கற்று, முதல் எட்டு வாரங்கள் நாள்தோறும் 30 நிமிடங்களும், அடுத்த பன்னிரண்டு வாரங்கள் வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாட்களும் செய்தனர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை, எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லாமல் தோல் மருத்துவர்களிடம் காட்டி வயதை மதிப்பிடச் செய்தனர். தொடக்கத்தில் சராசரி மதிப்பீடு 50.8 வயது. எட்டாம் வார முடிவில் 49.6, இருபதாம் வார முடிவில் 48.1. முகத்தின் பல கூறுகளை ஆராய்ந்ததில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது மேல் கன்னத்திலும் கீழ்க் கன்னத்திலும் மட்டுமே. கன்னத் தசை பருத்து, வற்றிய கொழுப்பின் இடத்தை ஓரளவு நிரப்பியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்த முடிவை எடைபோடும்போது மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 27 பேரில் 16 பேரே இறுதிவரை செய்தனர். இரண்டாவது, பயிற்சி செய்யாத ஒப்பீட்டுக் குழு இல்லை. மூன்றாவது, செலவான நேரம். முதல் எட்டு வாரங்களுக்கு மட்டும் 28 மணி நேரம். இருபது வாரங்களுக்கும் கூட்டினால் 46 முதல் 58 மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் ஐந்து நிமிடம் செய்தால் பத்து வயது குறையும் என்ற விளம்பரங்களுக்கு இந்த ஆய்வு ஆதாரம் ஆகாது.

முக மசாஜ் குறித்து ஜப்பானில் நடந்த ஒரு சிறு ஆய்வும் 2018ஆம் ஆண்டில் வெளியானது. உருளைக் கருவியால் ஐந்து நிமிடம் மசாஜ் செய்த கன்னத்தில் இரத்த ஓட்டம் கூடி, அதன்பின் பத்து நிமிடங்கள் வரையாவது நீடித்தது. மசாஜ் முடிந்தவுடன் முகம் பளிச்சென்று தெரிவதற்கு இதுவே காரணம். காலையில் முகத்திலும் கண்ணின் கீழும் உள்ள வீக்கம் மசாஜால் சற்று வடிவதும் உண்டு. இரண்டும் தற்காலிகமானவை. எலும்புத் தேய்வையோ ஆழ்ந்த சுருக்கங்களையோ மசாஜ் மாற்றுவதில்லை. மன இறுக்கம் தளர்வதும், பற்களை நெரிப்பதால் வரும் தாடை வலி குறைவதும் இதன் வேறு நன்மைகள்.

தசை அசைவும் சுருக்கமும்

முக யோகாவைத் தோல் மருத்துவர்கள் பலர் ஐயத்துடன் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முகக் கோடுகள் பெரும்பாலும் தசை சுருங்கும் திசைக்குக் குறுக்காக விழுகின்றன. ஒரே அசைவு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நிகழும்போது, முகம் அசையாத நேரத்திலும் கோடு நிலைத்துவிடுகிறது. போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் ஊசியாகச் செலுத்தும் சிகிச்சை இந்த அடிப்படையில் அமைந்தது. புருவ நடுக் கோடுகளுக்கு அமெரிக்க அரசு 2002ஆம் ஆண்டில் இதற்கு ஒப்புதல் அளித்தது. அது தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து சுருக்கத்தைக் குறைக்கிறது. தசையை ஓய்வில் வைத்தால் சுருக்கம் குறையும் என்றால், அதற்கு வேலை கொடுத்தால் சுருக்கம் கூடாதா என்பது கேள்வி.

இரண்டும் முகத்தின் வேறு வேறு பகுதிகளைப் பற்றியவை என்று கொண்டால் முரண் பெருமளவு நீங்கும். நெற்றியிலும் புருவ நடுவிலும் கண்ணோரத்திலும் தோல் மெல்லியது. அங்கே அசைவு கோடாக மாறுகிறது. கன்னத்தில் முதன்மையான குறை கொழுப்பு வற்றி ஒட்டிப்போவது. அங்கே தசையின் பருமன் கூடுவது பயன் தருகிறது. ஆகவே கன்னத்துக்கும் தாடைக்கும் பயிற்சி கொடுப்பதும், நெற்றிக்கும் கண்ணோரத்துக்கும் தளர்வு கொடுப்பதும் பொருத்தமான நடைமுறை. கண்ணைக் கூசிச் சுருக்கும் பழக்கத்துக்குப் பார்வைக் குறைவு காரணமாக இருந்தால், மூக்குக்கண்ணாடி அணிவதே அதற்குரிய மருந்து.

தீங்குகளும் தவிர்க்க வேண்டியவையும்

உராய்வுக் கருமை: பீர்க்கங்கூடு, நார், சொரசொரப்பான மாவு ஆகியவற்றால் முகத்தை நாள்தோறும் தேய்ப்பவர்களுக்குக் கன்ன எலும்பு, நெற்றி போன்ற மேடான இடங்களில் கருமை படியும். அது அழுக்கு என்று எண்ணி மேலும் தேய்ப்பதால் கருமை கூடுகிறது. மங்கு உள்ளவர்கள் முகத்தைத் தேய்க்கவே கூடாது.

பருவும் தொற்றும்: சீழ்ப் பரு, அக்கி, அம்மை, புண் இருக்கும்போது மசாஜ் செய்யக்கூடாது. மூக்கின் மேற்பகுதிக்கும் வாயின் இரு ஓரங்களுக்கும் இடைப்பட்ட முக்கோணப் பகுதியில் வரும் கட்டியைப் பிதுக்குவது ஆபத்து. அப்பகுதியின் இரத்த நாளங்கள் மூளையைச் சார்ந்த நாளங்களோடு தொடர்புடையவை.

மெலிந்த தோல்: சிவப்பழகு தரும் என்று மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கப்படும் கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு உள்ளது. அவற்றை நீண்ட நாள் பூசியவர்களின் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியும். அத்தகைய தோலில் மசாஜ் மேலும் கேடு செய்யும்.

கழுத்து: கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் செல்லும் தமனிகள் உள்ளன. அவற்றை அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். முடிதிருத்தகங்களில் தலையை வெடுக்கெனத் திருப்பிக் கழுத்தில் சொடக்கு எடுப்பதை ஒருபோதும் அனுமதிக்கக்கூடாது. தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வர அது காரணமாகலாம். அழகு நிலையங்களில் தலையைத் தொட்டியின் விளிம்பில் நெடுநேரம் பின்னுக்குச் சாய்த்து வைப்பதாலும் பக்கவாதம் வரக்கூடும் என்பது 1993ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. முதியவர்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்: போட்டுலினம் ஊசியோ தோல் நிரப்பியோ போட்டுக்கொண்டவர்கள், முக அறுவை செய்துகொண்டவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே மசாஜ் செய்ய வேண்டும்.

முகவாதமும் முகப் பயிற்சியும்

முகப் பயிற்சிக்கு மருத்துவத்தில் உறுதியான இடம் உண்டு. முக நரம்பு திடீரெனச் செயலிழந்து முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப்போவது முகவாதம் எனப்படும். ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயரால் இது பெல் வாதம் என்றும் வழங்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடுகிறது. எஞ்சியவர்களுக்கு இயன்முறை மருத்துவர் கண்ணாடியின் முன் சிறு சிறு அசைவுகளை மெதுவாகக் கற்பிக்கிறார். நெதர்லாந்தில் ஊமை நாடகக் கலையிலிருந்து இதற்கென ஒரு பயிற்சி முறையே உருவாக்கப்பட்டது. முழு வலிமையுடன் முகத்தைச் சுளித்துப் பழகினால் நரம்பு தவறான தசையோடு இணைந்து, சிரிக்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும் நிலை ஏற்படலாம். ஆகவே முக யோகா படங்களைப் பார்த்து முகவாதத்துக்குச் சுயமாகப் பயிற்சி செய்யக்கூடாது.

முகம் திடீரென ஒரு பக்கம் கோணினால் அது மூளைப் பக்கவாதமாகவும் இருக்கலாம். எண்ணெய் தடவிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம். பெல் வாதமாக இருந்தாலும் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

வெயில் காப்பும் பிற பழக்கங்களும்

தோலின் இளமையைக் காக்கும் வழிகளுள் வலுவான சான்று உள்ளது வெயில் காப்புக்கே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 903 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013ஆம் ஆண்டில் வெளியானது. நாள்தோறும் சன்ஸ்க்ரீன் பூசும்படி சொல்லப்பட்டவர்களுக்கு, விரும்பியபோது மட்டும் பூசியவர்களைவிட நாலரை ஆண்டுகளில் தோல் முதுமை 24 விழுக்காடு குறைவாக இருந்தது. இந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவும் உண்டு. கலந்துகொண்டோர் எண்ணிக்கையும் பெரிது.

காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வெளியே செல்பவர்கள் குடை, தொப்பி, சேலைத் தலைப்பு ஆகியவற்றால் முகத்தை மறைக்கலாம். காப்பளவு 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்க்ரீன் பூசலாம். முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்த அளவு தேவை. மசாஜுக்குப் பூசிய எண்ணெயைக் கழுவாமல் வெயிலில் செல்வதைத் தவிர்க்க வேண்டும். புகையிலையை விடுதல், போதிய உறக்கம், புரதமும் காய்கனிகளும் உள்ள உணவு, பற்களைப் பேணுதல், நீரிழிவைக் கட்டுக்குள் வைத்தல் ஆகியவை முகத்திலும் தம் பலனைக் காட்டும்.

இவற்றோடு சேர்த்து, இரவில் ஐந்து நிமிட மசாஜும் கன்னப் பயிற்சிகளும் செய்யலாம். பயிற்சியின் பலன் தெரிய எட்டு வாரங்களாவது ஆகும். அதுவரை தொடர்ந்து செய்து, ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் மாற்றம் உண்டா இல்லையா என்பதை அவரவரே அறியலாம். தோல் கறுத்தாலோ, எரிச்சலோ பருவோ கூடினாலோ உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரை அணுக வேண்டும்.